வரிசை எண் நாற்பத்தேழு

அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில்
நான் பொறுப்பேற்ற அன்று
மேசையில் கிடந்தது பழுதுப் பதிவேடு.
முன்னவர் பேனாவில் பாதி,
அவருக்கும் முன்னவர் பென்சிலில் பாதி.
அறுபத்து மூன்று வேலைகள்.
பணம் நான்கரைக்கு.

அரை வேலையை எப்படிப் பார்ப்பதென்று
கல்லூரியில் சொல்லித் தரவில்லை.

கருவூலத்தில் சொட்டினால் முத்திரைத்தாள் நனையும்: உடனே.
பயணியர் மாளிகைக்கு யாரோ வரப்போகிறார்: உடனே.
வெள்ளையடித்து, அடியில் காவிப் பட்டை இழுத்து,
வாசலுக்கு இரண்டு குரோட்டன்ஸ் தொட்டி.
கால்நடை மருந்தகத்தின் கைப்பிடிச் சுவரில்
‘அரசங்கன்று அகற்றல், ரூ. 340’
என்று ஆறு வருடமாக எழுதியிருக்கிறது.
ஏறிப் பார்த்தேன். கன்று
என் தலைக்கு மேல் கிளை விட்டிருந்தது.
காக்கை வந்து கொத்தப் பார்த்தது.
கூட்டுக்கு எஸ்டிமேட் போடவில்லை.

மாணவியர் விடுதிக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
தாழ்ப்பாள் நூற்றுப் பத்து ரூபாய்.
கோப்பு அதைவிடச் செலவு.
கைக்காசில் வாங்கி முப்பிடாதியிடம் கொடுத்துவிட்டேன்.
இந்த வருடம் முழுதாக முடிந்த வேலை
அது ஒன்றுதான்; பதிவேட்டில் இல்லை.

நாற்பத்தேழு: ஆஸ்பத்திரி, பிணவறை, தளம் ஒழுக்கு.
பதிந்து ஒன்பது வருடம்.
மற்ற எல்லா வேலைக்கும் பின்னால் ஒரு கடிதம் குத்தியிருக்கும்,
நீதிமன்றத்திலிருந்து, தாசில்தாரிடமிருந்து,
பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து.
இதன் பின்னால் குண்டூசித் துளைகூட இல்லை.

ஐப்பசி அடைமழையில் போனேன்.
டாக்டர் குனிந்து வேலையாக இருந்தார்.
முதுகு முழுக்க நனைந்திருந்தது.
பக்கத்தில் பூலுடையார் குடை பிடித்து நின்றார்.
டாக்டருக்கு அல்ல,
மேசையில் கிடந்த பெண்ணின் முகத்துக்கு.

“எழுதிக் கொடுக்கலையா?”

“யாரு கொடுப்பா மேடம்?
உள்ள வாரவன் ஒருத்தனும் குறை சொன்னதில்ல.
வெளிய நிக்கவங்களுக்கு
அன்னைக்கு வேற அழுகை இருக்கும்லா.”
அப்புறம் கொஞ்சம் தணிந்து,
“குடை எங்க வீட்டுக் குடை.
அதான் எம் பொண்டாட்டி ஏசுதா.”

ஜீப் பானட்டில் வைத்து நானே எழுதினேன்.
அனுப்புநர், பெறுநர், பொருள்.
‘பார்வை’ என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை.
பூலுடையார் கையெழுத்துப் போட்டார்,
‘டை’க்கு வந்ததும் நின்று, யோசித்து, முடித்தார்.
திங்கட்கிழமை லீவு போட்டுக் கொக்கிரகுளம் போய்
ஆட்சியர் அலுவலக வரிசையில் நின்று கொடுத்தார்.

மனு புறப்பட்டது.
சுகாதாரத்துக்குப் போய், அங்கே தவறென்று திரும்பி,
கண்காணிப்புப் பொறியாளர், செயற்பொறியாளர் வழியாக
நாற்பத்தொரு நாளில் ஏழு முத்திரையோடு
என் மேசைக்கு வந்தது.
ஓரத்தில் சிவப்பு மை:
‘உதவிப் பொறியாளர் நேரில் சென்று
உண்மைத்தன்மையை அறிக்கையிடவும்.’

என் ழகரத்துக்கு வால் கொஞ்சம் நீளம்.
யாராவது கவனித்திருப்பார்களோ என்று
ஒரு தேநீர் நேரம் பயமாக இருந்தது.
அதே பேனாவை மூடி வைத்துவிட்டு
வேறு பேனாவில் எழுதினேன்:
‘ஆய்வு செய்யப்பட்டது.
மனுவில் கண்டுள்ளவை உண்மை.’

நாற்பத்தேழு, ஐந்துக்கு ஏறியது.
பணம் நான்கரைக்கு.

தை மாதம் செயற்பொறியாளர் வந்தார்.
வெளியே அறுவடை மெஷின் சத்தம்.
தளம் எலும்பாய்க் காய்ந்து
எல்லா மூலையும் ஒன்றுபோலக் கிடந்தது.
“பாதித் தளத்துக்குத்தானே இருக்கு,
எந்தப் பாதிம்மா?” என்று அண்ணாந்தார்.

நான் அளவு நாடாவைத் தேடுவதற்குள்
பூலுடையார் கதவிடுக்கிலிருந்து குடையை எடுத்தார்.
இரண்டு கம்பி ஒடிந்திருந்தது.
விரித்தார்.
மேசைக்குப் பக்கத்தில் போய்
வழக்கமான இடத்தில் நின்றுகொண்டார்.